பத்துக்குப் பத்து

“ஏம்மா, அந்த சூப்பர் ஹீரோ கேமுக்கு நிஜமாவே பத்துக்குப் பத்தா?” பத்திரிகை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “உன்னை வேலையை விட்டுக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளின கம்பெனியாச்சே! நீ நார் நாராக் கிழிக்கப் போறேன்னு நினைச்சேன்.”

“கேம் நல்லாத்தான் இருக்கு சார். பொய்யா எழுத முடியுமா?” என்றாள் விமர்சகி.

கடைசி வரியை அவர் உரக்கப் படித்தார்: ‘வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியாகிறது. தனியாக ஆடாதீர்கள். நண்பர்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ஒன்றாக ஆன்லைனில் நுழையுங்கள்!’

விமர்சனம் காட்டுத்தீயாகப் பரவியது. கம்பெனி முதலாளியே போன் செய்து குழைந்தார்.

“பழசை மனசுல வச்சுக்காதம்மா.”

“சேச்சே! அதெல்லாம் அன்னிக்கே மறந்தாச்சு சார்.”

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, லட்சக்கணக்கானோர் கன்சோலும் கையுமாக உள்ளே நுழைந்தார்கள். ஆறு ஐந்துக்கு, பறந்துகொண்டிருந்த ஹீரோக்கள் எல்லாரும் அந்தரத்தில் அப்படியே நின்றார்கள். ஆறு பத்துக்குத் திரை இருண்டது. ஏழு மணிக்குள் மற்ற விமர்சகர்கள் பூஜ்யம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளி மறுபடி அழைத்தார். “சர்வர் படுத்துடுச்சு! இவ்வளவு கூட்டத்தைத் தாங்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார். உங்ககிட்ட வேலை பார்த்தப்போ இந்த கேமுக்கு நான் எழுதின முதல் விமர்சனமே அதுதான். அதைப் படிச்சுட்டுத்தானே என்னை வெளிய தள்ளினீங்க?”