தொட்டிலருகே நின்றவள்

ரிமோட் மாப்பிள்ளையின் மாமா கையில் இருந்தது.

பெண் பார்க்க சந்தவாசலிலிருந்து ஜீப்பில் மலையேறி வந்தவர்கள். கேசரியைத் தின்றுகொண்டே சேனல்களை மாற்றிக்கொண்டு போனவர், ஒரு பழைய பேய்ப்படத்தில் நிறுத்தினார். கொட்டகைக்கு வராத படம், டிவிக்கென்றே எடுத்தது. இந்த மலையில் எடுத்ததாயிற்றே என்று சத்தத்தைக் கூட்டினார்.

பெண்ணின் அம்மா அமுதவல்லி கொல்லைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். ஒரே குடும்பத்துக்குள் யாரோ சூனியம் வைக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுக்கையில் விழுகின்றன. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தொட்டிலருகே நிற்கும் மூத்த மருமகளாக நடித்தது அவளுடைய மாமியார் கன்னியம்மாள். நடிக்க வேண்டியவள் வராமல் போகவே, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்களாம்.

படம் வந்த வருஷம் ஊரில் ஒரு குழந்தை காய்ச்சலில் போயிற்று.

அதோடு சரி. பிள்ளை பெற்ற வீடுகளில் கன்னியம்மாளுக்குக் கதவு திறக்கவில்லை. மகள் அருணாவுக்குக் கூடிவந்த சம்பந்தம் ஒன்றும் இந்தப் பேச்சில்தான் கலைந்தது.

இன்றைக்கும் மாமியாரைக் கொல்லையிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள் அமுதவல்லி. கன்னியம்மாள் புளிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரையில் ஒரு முகம் பெரிதாக வந்தது.

அதே நீண்ட மூக்கு. அதே கண். அருணாவையே தலைவிரிகோலமாக நிறுத்தியதுபோல் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாதேவி திரையைப் பார்த்தாள். திரும்பி அருணாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

காபி கொண்டுவரட்டுமா என்றாள் அமுதவல்லி. யாரும் திரும்பவில்லை. ஸ்விட்சை அணைக்கச் சுவர் வரை போனாள். அணைத்தால் ஏனென்று கேட்பார்களே. அங்கேயே நின்றுவிட்டாள்.

படத்தில் ஊர் கூடி மூத்த மருமகளை அடித்துத் துரத்தியது. காட்டுக்குள் ஓடி விழுந்தவள் எழவில்லை.

அதற்கப்புறமும் படம் ஓடியது.

சிரித்த முகமாக எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்த சின்ன மருமகள் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே குழந்தைகளின் தலைமுடி, நகம்.

மூத்தவள் தொட்டிலருகே நின்றது காவலுக்கு.

ரேணுகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், அநியாயமா சாவடிச்சிட்டாங்க. யாருங்க அது, உங்க பொண்ணு சாடையாவே கீறா?"

எங்கள் அத்தை என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொல்லைக்குப் போனாள் அமுதவல்லி.

கன்னியம்மாள் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தமெல்லாம் அங்கே கேட்டிருக்கும்.

"முடிவு இப்படின்னு சொல்லவே இல்லியே அத்தே."

"சொன்னேன். தப்பிச்சுக்கப் பொய் சொல்றேன்னுட்டாங்க."

பின்னாலேயே வந்துவிட்ட ரேணுகாதேவி, புடவையை ஒதுக்கிக்கொண்டு கன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டு ஆண்கள் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று அமுதவல்லிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படம் முதலில் வந்த அன்றைக்கு மலையில் டிவி இருந்தது டீக்கடையில் மட்டும். ஊரே அங்கே கூடியிருந்தது. மூத்தவளை அடித்துத் துரத்துகிற இடத்தில் கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்தபோது படம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.