மோந்து பார்த்த கை

தனசேகரின் பழைய ஜீப் டீசலைக் குடித்துக்கொண்டே இருந்தது. அவன் வடிகட்டியை மாற்றினான், டயருக்குக் காற்றடித்தான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் டீக்கடை முன்னால், எல்லோரும் பார்க்க, டிரைவர் லூர்துவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, டீசல் திருடிய வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தான்.

“மோந்து பாத்தா மைலேஜ் கூடுமா தம்பி?” என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. லூர்து சாவியை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு நடந்தார்.

அதன்பின் தனசேகரே ஓட்டினான். டீசல் அப்படியேதான் தீர்ந்தது. ஞாயிறன்று வண்டியைக் கழுவும்போது முன்சக்கரங்களின் நடுவே இருக்கும் திருகு குமிழ்கள் பூட்டிய நிலையிலேயே கண்ணில் பட்டன. மழைக்காலத்தில், லூர்து ஊரில் இல்லாத அன்று, சேற்றிலிருந்து வண்டியை ஏற்ற நான்கு சக்கரமும் இழுக்கட்டும் என்று அவற்றைத் திருகியவன் அவன்தான். திருப்பிவிட மறந்திருந்தான். நல்ல சாலையிலும் முன் அச்சின் பாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டே வண்டி ஓடியிருக்கிறது.

லூர்துவின் வீட்டுக்குப் போனான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, கை கழுவி, வாசலுக்கு வந்தார்.

“அண்ணே, நான்...”

“மொதல்ல மோந்துக்கங்க மொதலாளி. அப்புறம் பேசுவோம்.”

ஈரம் சொட்டும் கைகளை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். ரசம் மணத்தது. அவர் கைகளை இறக்கவில்லை.