ஆண்கள் வரிசையில் பூவாயி

இலங்கை மலைநாட்டில், இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் ஒரு வரிசையாகவும் நிற்கிறார்கள். பனி இன்னும் விலகவில்லை. பூவாயி ஆண்கள் வரிசையில் நிற்கிறாள். முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. கையில், செத்துப்போன புருசனின் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து, ஆண்களின் வேலை. "பொம்பள வரிசை அங்க இருக்கு," என்கிறார் கங்காணி. தன் தம்பிக்கு அவளைக் கட்டிவைப்பதென்று, அவளைக் கேட்காமலே முடிவு செய்தவர். "நான் கவ்வாத்து வெட்டுறேங்க. ஒங்க தம்பிய கட்டிக்க மாட்டேன்." "அப்ப நீ குடியிருக்குற லயத்துக் காம்பராவ விட்டுப் போகணும்." "போறேங்க." கங்காணி இதை எதிர்பார்க்கவில்லை, பேர் எழுதும் கணக்கப்பிள்ளையைப் பார்க்கிறார். கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகுகிறார், மறுபடி எடுக்கிறார். யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறான். எங்கே போவாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற ஆண்கள், என்ன செய்வதென்று புரியாமல், வேலைக்கு மலைப்பக்கம் நடக்கத் தொடங்குகிறார்கள். அவளுக்குப் பின்னால் நிற்கும் அழகுமுத்து தொண்டையைச் செருமுகிறார். "நட தாயி, வரிச நிக்குதுல்ல." அது கோபமா, சம்மதமா? பூவாயி திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கிறாள்.