தீராத துரு

"பால் காய்ச்சுற பாத்திரத்துல மறுபடியும் போல்ட்டை ஊறப் போட்டுட்டீங்களா?"

சமையலறையிலிருந்து வந்த மனைவியின் குரலுக்கு, கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்த கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு கையில் பழைய பல் பிரஷ், இன்னொரு கையில் துருப்பிடித்த நட்டு.

"வினிகர்ல ஒரு ராத்திரி ஊறினாத்தான் துரு இளகும். அப்புறம் தேய்ச்சு, சமையல் சோடா தண்ணியில அலசி, சூடு காட்டி எண்ணெயில போட்டா கறுகறுன்னு மின்னும். உனக்கு எங்க புரியப் போகுது!"

"புரியுது. காலையில பால் ஏன் திரிஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது."

ஊர் மாறிப் போன அலுவலக நண்பர் ஒருவர் சும்மாவே கொடுத்துவிட்டுப் போன பழைய மோட்டார் சைக்கிள் அது. "நீங்கதான் பெரிய ரைடராச்சே! உங்க கையில இருந்தாத்தான் வண்டிக்கு மரியாதை. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்று வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். "துருவோட ஓட்டினா வண்டிக்கு அவமானம்" என்று சொல்லி, அன்று சாயங்காலமே கணவர் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது வண்டியின் எலும்புக்கூடு மட்டும் கூடத்தில் இரண்டு பலகைகள் மேல் நிற்கிறது. மனைவி அதில் துண்டு உலர்த்துகிறாள்.

அவருடைய சவாரிப் பெருமை, கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவருவதுதான். மலைப்பாதையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டியது, லாரிக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து வந்தது என்று அவர் ஆரம்பித்தாலே அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். போதாக்குறைக்கு, "வண்டி ரெடியானதும் முதல் சவாரி நாம ரெண்டு பேரும்தான். மலை மேல உங்க அக்கா வீட்டுக்கு ஒரே மூச்சு!" என்று வேறு சொல்லியிருந்தார். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

அந்த நேரத்தில் அவளுடைய தம்பி உள்ளே வந்தான். தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். வண்டியைத் திரும்பப் பூட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவன்.

"என்ன அத்தான், எல்லாம் தேய்ச்சாச்சா? ஞாயித்துக்கிழமை பூட்டிடலாமா?"

"பாதிதான் மச்சான் முடிஞ்சுது. இன்னும் இந்த டப்பா பாக்கி இருக்கு."

தம்பி எட்டிப் பார்த்தான். பிஸ்கட் டப்பா நிறையத் துருப்பிடித்த போல்ட்டுகள்.

"போன வாரமும் இது நிறைஞ்சுதானே இருந்துச்சு?"

"பழைய வண்டி இல்லையா? போல்ட்டு ஜாஸ்தி" என்றார் கணவர்.

"அந்தக் காலத்துல எதையும் கெட்டியாத்தான் செய்வாங்க" என்றாள் மனைவி அவசரமாக.

தம்பி ஒன்றைப் பொறுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "இது கட்டில் போல்ட்டு ஆச்சே அக்கா!"

"சீட்டுக்கு அடியில வரும்டா."

"அதான் சீட்டு அவ்வளவு மெத்துனு இருக்கு" என்று கணவர் ஒத்து ஊதினார்.

தம்பி தலையைச் சொறிந்துகொண்டே பக்கத்திலிருந்த காபித்தூள் டப்பாவைத் திறந்தான். தேய்த்து முடித்தவற்றைக் கணவர் அதில்தான் போட்டுவைப்பார். "முக்கால் டப்பா இருந்துச்சே அத்தான். இப்ப அடியில நாலு கிடக்கு?"

கணவர் டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கி மூடினார். "தேய்க்கத் தேய்க்கக் கரையும் இல்ல?"

"ஆமா, துரு போனா அளவு குறையாதா? சும்மா நொட்டை சொல்லிக்கிட்டு!" என்று மனைவி தம்பியை அதட்டினாள்.

அக்காவும் அத்தானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவன் பார்த்ததே இல்லை. பயந்துபோய், "மெதுவாவே பண்ணுங்க" என்று எழுந்துகொண்டான்.

"மெதுவாவது ஒண்ணாவது! ஞாயித்துக்கிழமை வண்டி கிளம்புது மச்சான், இது உறுதி!" என்று வாசல் வரை கேட்கும்படி முழங்கினார் கணவர்.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த பழைய இரும்புக் கடைக்கு ஓடினாள்.

"வழக்கம்போல ஒரு கிலோ போடுங்க. நல்லாத் துருப்பிடிச்சதா இருக்கணும்."

அவர் ராத்திரி ஒரு பிடி தேய்த்தால், அவள் காலையில் ஒரு பிடியை அந்த பிஸ்கட் டப்பாவில் கொட்டிவிடுவாள். டப்பா தீராதவரை வண்டி பூட்டப்படாது. வண்டி பூட்டப்படாதவரை அந்த மனிதருக்கு எலும்பு முழுசாக இருக்கும். வாய் நீளமே தவிர நல்ல மனிதர். அவரை இழக்க அவளுக்கு மனசு இல்லை.

"தீர்ந்துபோச்சும்மா. கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஒரு சார் வந்து துருப்பிடிச்சதையெல்லாம் மொத்தமா அள்ளிட்டுப் போனாரு."

அவளுக்குக் கோபம் வந்தது. "துருப்பிடிச்ச போல்ட்டுக்கு யாருய்யா அப்படி அலையறது?"

"அதை ஏன் கேக்கறீங்க!" கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்து வைத்தார். கறுப்பாக, எண்ணெய் மின்னும் போல்ட்டுகள். லேசாக வினிகர் வாடை. "வாராவாரம் இப்படி அழகாத் தேய்ச்சதைக் கொண்டாந்து கொடுத்துட்டு, அதே எடைக்குத் துருப்பிடிச்சதை வாங்கிட்டுப் போவாரு. இன்னிக்கு என்ன சார் மொத்தமா அள்றீங்கன்னு கேட்டேன். 'ஞாயித்துக்கிழமை என் மச்சான் வண்டியைப் பூட்டிடுவான் போல இருக்குய்யா. பூட்டிட்டா பெண்டாட்டியைப் பின்னாடி உட்கார வெச்சு மலை ஏறணும். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது'ன்னுட்டு ஓடினாரு."