தரையில் விழுந்த துண்டு

கொலை நடந்த இடத்தில் கிடந்த பட்டுத்துண்டுதான் என் மகனுக்கு எதிரான ஒரே சான்று. கோயிலில் மரியாதை செய்து எனக்குப் போர்த்திய துண்டு. வாய்தா வாய்தாவாக அலைந்து கால் ஓய்ந்த பின் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"பெரியவரே, இது உங்க வீட்டுத் துண்டா?" என்றார் அரசு வக்கீல்.

"இல்லீங்க."

எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில். எங்கள் வம்சத்தில் கூண்டேறிப் பொய் சொன்ன முதல் ஆள் நான்.

நீதிமன்ற ஊழியன் துண்டை அருவருப்போடு இரு விரலால் தூக்கினான். அது நழுவி அவன் காலடியில் விழுந்தது.

"மிதிக்காதேடா!" என்று அதட்டி, இறங்கினேன்.

"யோவ் பெருசு, தொடாதய்யா!" என்று கத்தினான் ஊழியன்.

எடுத்து உதறி, ரத்தக் கறையோடு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. எதிர்க் கூண்டில் மகன் கண்ணை மூடினான்.

"அதைக் கழற்றிக் கொடுங்க, பெரியவரே" என்றார் நீதிபதி, தணிந்த குரலில்.

என் கை எழவில்லை.