ஆறும் வரை

"இதுவும் போச்சு."

அச்சுக்கடைக்காரர் போர்டை மேசைமேல் வைத்து ஒரு மூலையை அழுத்தினார். எதிர் மூலை எம்பி நின்றது. சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போடுகிற படம் அச்சிட்ட ஹார்ட்போர்டு. இப்படி ஆடினால் எவன் அதன்மேல் தட்டை வைப்பான்? டம்ளருக்கான சின்ன போர்டுகளும் அதே லட்சணத்தில்தான் இருந்தன.

புது ஓட்டலின் ஆர்டர். ஒன்று வளைந்திருந்தாலும் மொத்தத்தையும் திருப்பிவிடுவேன் என்று ஓட்டல் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். இதுவும் கைநழுவினால் கடையைப் பூட்டிவிட்டு யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அவரும் செய்து பார்க்காதது இல்லை. ஈரம் போகட்டும் என்று போர்டை முதலில் வெறுமனே, படத்தைச் சூட்டில் பதிக்கும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து எடுத்தார். சூட்டைக் குறைத்தார், நேரத்தைக் கூட்டினார். நமுத்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டாயா என்று போர்டு விற்றவனை ஃபோனில் பிடித்துக் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இத்தனை வருஷமா இதே மெஷின், இதே சரக்கு. ஒண்ணுமே மாறலை. எனக்கு நேரம்தான் சரியில்லை," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மெக்கானிக் வரேன்னிருக்கான்ல, பார்ப்போங்க," என்றாள் மனைவி, பலகைமேல் உட்கார்ந்தபடியே.

சூடாக எடுத்த போர்டுகளை அடுக்கி, மேலே ஒரு கனத்த பலகையைப் போட்டு, ஆறும் வரை அதன்மேல் அவள் உட்கார்ந்திருப்பாள். கடை தொடங்கிய புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. வீட்டிலேயே இவ்வளவு கனம் இருக்கும்போது இரும்பை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்று அவர் சீண்டுவார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

மெக்கானிக் வந்தான். ஊருக்குப் புதியவன், அதுவரை ஃபோனில் பேசியதோடு சரி. பிரஸ்ஸின் நாலு மூலையிலும் சூடு பார்த்தான். போர்டை உடைத்துப் பார்த்தான்.

"மெஷின்ல குறை இல்லை சார். போர்டும் நல்லா காஞ்சிருக்கு. ஆறும்போது மேல வைக்கிற கனம்தான் பத்தலை. என்ன வைக்கிறீங்க?"

"அதான் ஃபோன்லயே சொன்னேனே தம்பி, எங்க வீட்டம்மா உக்காருவா. அந்தக் கனமே பத்தாதுன்னா இனி ரோடு ரோலரைத்தான் கூப்பிடணும்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். "சரி, அவங்களை வரச் சொல்லுங்க. உக்கார வச்சே பார்த்துடுவோம்."

"இதோ உக்காந்திருக்காளே."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "இவங்களா? நான் யாரோ வேலைக்கு வர்ற பொண்ணுன்னு நெனச்சேன்."

அச்சுக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள்.

"என்னம்மா இது? எப்போலேருந்து?"

அவள் பலகையைவிட்டு இறங்கவில்லை. "இந்த ஆர்டர் முடியட்டும், டாக்டர் சொன்னதை அப்புறம் சொல்லலாம்னு இருந்தேங்க."