மின்னலை நிறுத்த ஒரு பட்டன்

“ஒரு ஆளுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜை எண்பத்தி நாலு பேருக்கு எப்படிய்யா அனுப்புவே?” என்றார் மேனேஜர்.

“ஒரே கிளிக்தான் சார்” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

எங்களுடையது செல்போனில் ஆடும் கேம் தயாரிக்கிற கம்பெனி. ஆடுகிறவர்களின் புகார்களுக்குப் பதில் போடுவது என் வேலை. முந்தின நாள் மதியம், கேமுக்குள் நுழைய முடியவில்லை என்று எழுதிய ஒருவரின் சிக்கலைத் தீர்த்துவிட்டு, ‘உங்கள் புகார் சரி செய்யப்பட்டது. மகிழ்ச்சியாக விளையாடுங்கள்’ என்ற ரெடிமேட் பதிலைத் தட்டினேன். அவர் பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகப் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்திருந்தேன். நிலுவையில் கிடந்த அத்தனை புகாரும் ஒரே நொடியில் தீர்ந்தன. அன்றைக்கு என்னைவிட வேகமாக வேலை பார்த்தவன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

“எல்லாருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேளு. ‘திருப்தி’ன்னு அவங்க வாயால சொல்லணும், அது ரெக்கார்ட் ஆகணும். சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆள் பாக்கி இருந்தாலும் நாளைக்கு நீ வர வேண்டாம்.”

அந்த வருடத்தில் எனக்கு அது மூன்றாவது வேலை. நான்காவதைப் பற்றி மனைவியிடம் பேசுகிற தைரியம் எனக்குக் கிடையாது. போனை எடுத்தேன்.

“என் குதிரைக்கு வால் கட்டையா இருக்கு. பின்னாடியிருந்து பார்த்தா அசிங்கமா இருக்கு” என்றார் ஒருவர்.

“அது மேல உக்காந்திருக்கிறது நீங்க சார். பின்னாடி பார்க்கிறவன் எதிரிதானே? அவன் கஷ்டப்படட்டும்.”

சிரித்துவிட்டுத் திருப்தி என்றார்.

“எதிரி ரொம்ப அடிக்கிறான்” என்றார் இன்னொருவர். எதிரியிடம் பேசிப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

“ஆறு மாசமா பார்த்துப் பார்த்துக் கட்டின கோட்டைங்க. உங்க அப்டேட்ல தரைமட்டமாயிடுச்சு” என்றார் ஒரு டீச்சர். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். “சரி, திருப்தின்னு போட்டுக்கோப்பா. உன் குரலைக் கேட்டா பாவமா இருக்கு” என்று அவரே வைத்துவிட்டார்.

ஐந்தரை மணிக்கு எண்பத்து மூன்று முடிந்தது. பாக்கி ஒன்று. ஆறு முறை அடித்தும் எடுக்கவில்லை.

“யாருடா அது?” என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து சீட் அக்கா.

“மின்னல் மாப்பிள்ளை.”

“போச்சு. அவன் உன் வேலையைக் காவு வாங்காம விட மாட்டான்.”

நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. கேமில் புதிதாகப் புயல் மழைக் காட்சி சேர்த்ததிலிருந்து, ஆறு வாரத்தில் பதினொரு புகார். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: ‘மின்னலை நிறுத்த ஒரு பட்டன் வேண்டும்’. பதினொன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போட்டவன் நான். தலைப்புக்குக் கீழே நான் படித்ததில்லை.

ஏழாவது முறை எடுத்தார்கள்.

“சொல்லுங்க” என்றது ஓர் ஆண் குரல், கிசுகிசுப்பாக.

“சார், கேம் கம்பெனியிலேர்ந்து பேசறேன். நேத்து வந்த மெசேஜ் தவறுதலா வந்துடுச்சு. மின்னல் இன்னும் அப்படியேதான் இருக்கு. மன்னிக்கணும்.”

“தெரியும்.”

“அப்ப ஆடிப் பார்த்துட்டீங்களா சார்?”

“நான் ஆடறதில்லை. என் சம்சாரம்தான் ஆடுவா. உங்களுக்கு எழுதறதும் அவதான். இது அவ போன்.”

மாப்பிள்ளை இல்லையாம், மகராசியாம். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“ஏன் சார் இவ்வளவு மெதுவா பேசறீங்க? மேனேஜர் பக்கத்துல நிக்கறாரா? எனக்கும் அதே கதிதான்.”

“இங்க சத்தமா பேசக் கூடாது.”

“மேடம்கிட்ட ஒரு நிமிஷம் கொடுங்க சார். ‘திருப்தி’ன்னு ஒரே வார்த்தை. கேம்ல அவங்களுக்கு ஒரு தங்கக் கேடயம் போட்டு விடறேன்.”

“வேண்டாம்.”

“ரெண்டு கேடயம்?”

“வேண்டாம் தம்பி.”

மேனேஜர் என் தலைக்கு மேலே நின்று கடிகாரத்தைக் காட்டினார்.

“சார், நேரடியாவே கேக்கறேன். இந்த ஒரு வார்த்தையிலதான் என் வேலை தொங்குது. மேடமுக்கு மின்னல் மேல அப்படி என்ன சார் கோபம்? மழை பெய்யறப்போ கொஞ்சம் மின்னினா என்ன ஆயிடப் போகுது?”

அவர் கோபப்படவில்லை. விலாசம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்:

“ஐ.சி.யு. வாசல்ல நிக்கறேன் தம்பி. பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா அவளுக்கு வலிப்பு வந்துடும், அதனால ஆறு வாரமா அந்த கேமைத் தொடவே இல்ல. நேத்து உங்க மெசேஜைப் பார்த்துட்டு, ‘கடைசில நான் எழுதினதையும் ஒரு புண்ணியவான் படிச்சிருக்காரு’ன்னு அவ்வளவு சந்தோஷமா எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தா.”